செவ்வாய்க்கிழமை நள்ளிரவு வரை

அன்புள்ள கயல்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்குச் சர்க்கரை 140ல் நிற்கிறது. என் முழங்கால் பழையபடியேதான். வேறு செய்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசும்போது "டிஸ்னியில் ஒன்று வாங்கியிருக்கிறோம்" என்றாயாம். குட்டிக்கு ஏதோ பொம்மை என்று அவள் நினைத்துக்கொண்டாள். நேற்று ராத்திரி அவள் போனில் நீ அனுப்பிய காகிதங்களைப் பார்த்த பிறகுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது: டிஸ்னி வெகேஷன் கிளப்பின் டைம்ஷேர், அதாவது அவர்கள் ரிசார்ட்டில் வருடா வருடம் சில நாள் தங்கும் உரிமையை விலைக்கு வாங்குவது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்கப்போவதில்லை. படித்து முடிக்க விடிந்துவிட்டது. பெரியப்பாவின் தேக்குக்கன்று விவகாரத்துக்குப் பிறகு இவ்வளவு கவனமாக எந்தக் காகிதத்தையும் நான் படித்ததில்லை.

முதலில் நாள் கணக்கு. சனிக்கிழமை கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஃப்ளோரிடா சட்டப்படி டைம்ஷேர் வாங்கியவர் பத்து காலண்டர் நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். சனி ஞாயிறும் அதில் சேர்த்திதான். மறுநாளிலிருந்து எண்ணினால் அடுத்த செவ்வாய் நள்ளிரவோடு முடிகிறது. காகிதங்களில் கடைசியாக ஒன்று பிந்தி வந்திருந்தால் அது வந்த நாளிலிருந்து எண்ணலாம். அதை நம்பி உட்கார்ந்திருக்காதே, செவ்வாய் என்றே வைத்துக்கொள். இந்த உரிமையை யாரும் எழுதி வாங்கிவிடவும் முடியாது. நீங்கள் கையெழுத்துப் போட்ட இடத்துக்கு மேலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது, பார்.

ரத்து செய் என்று நான் சொல்லவில்லை. விற்றவர் பொய் சொன்னதாகவும் நினைக்கவில்லை. மாப்பிள்ளையைக் குறை சொல்கிறேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதே. குட்டி சந்தோஷப்படவேண்டும் என்று நினைப்பவரை யார் குறை சொல்வார்கள்? கணக்கை ஒரு தடவை சேர்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

டிஸ்னியின் ரிவியேரா ரிசார்ட்டில் 160 பாயிண்ட், பாயிண்டுக்கு 225 டாலர், ஆக 36,000. அந்த பாயிண்ட் வருடா வருடம் வரும், அதைக் கொடுத்துத்தான் அறை பிடிக்கவேண்டும். உரிமை முடியும் தேதி 2070 ஜனவரி. 225ஐ 45 வருடத்துக்கு வகுத்தால் பாயிண்டுக்கு வருடம் 5 டாலர். பராமரிப்புத் தொகை பாயிண்டுக்கு 9 டாலர். இரண்டும் சேர்ந்து 14. அதே பாயிண்டை வேறு ஒரு உறுப்பினரிடம் வாடகைக்கு எடுத்தால் 20 டாலர் அளவில் ஆகும். அப்படியானால் லாபம்தானே? மாப்பிள்ளை போட்ட கணக்கும் இதுவாகத்தான் இருக்கும். வகுத்தலில் தப்பே இல்லை. ஆனால் அந்த 36,000 சும்மா கிடக்கும் பணம் இல்லையே. ஐந்து சதவீதம் வட்டி வரும் இடத்தில் போட்டாலே வருடம் 1,800 வரும், பாயிண்டுக்கு 11 டாலர் 25 காசு. 9ஐயும் அதையும் கூட்டு. 20ஐத் தாண்டிவிடுகிறது. அதுவும் அசல் உன் கையிலேயே இருக்கும்போது.

இது ரொக்கமாகக் கொடுத்திருந்தால். நீங்கள் பத்து சதவீதம் முன்பணம் கட்டிவிட்டு மீதி 32,400ஐக் கடனாக எடுத்திருக்கிறீர்கள், 11 சதவீதம், பத்து வருடம். மாதத் தவணை 446 டாலர். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 21,000க்கு மேல். 36,000 சாமானுக்கு 57,000 கொடுக்கிறோம். வீட்டுக்குக் கடன் வாங்கலாம், படிப்புக்கு வாங்கலாம். உல்லாசப் பயணத்துக்குக் கடன் வாங்காதே என்று நீ முதல் சம்பளம் வாங்கிய அன்றே சொன்னேன். இப்போதும் சொல்கிறேன், கடனுக்கு மட்டும் வேண்டாம்.

பராமரிப்புத் தொகை 9 டாலரிலேயே நிற்காது. சொத்துவரி, ஆள் சம்பளம், கூரை மாற்ற ஒதுக்கும் நிதி எல்லாம் அதற்குள் அடக்கம். வருடம் நான்கு சதவீதம் ஏறினால் 18 வருடத்தில் இரண்டு மடங்கு. இப்போது 1,440, அப்போது 2,900ஐ ஒட்டி. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்டவேண்டும், எந்த ஊரில் இருந்தாலும் கட்டவேண்டும். கட்டாமல் விட்டால் முதலில் பாயிண்டைத் தொட முடியாது, கடைசியில் ஜப்தி.

விற்பனைக் கூடத்தில் எதோடு ஒப்பிட்டுக் காட்டினார்கள் என்பதைக் கவனி. அதே ரிசார்ட்டில் அதே அறைக்குப் பலகையில் போட்டிருக்கும் வாடகையோடு. அந்த வாடகை கொடுத்து நீ என்றைக்காவது அங்கே தங்கியிருப்பாயா? போன தடவை பார்க்குக்கு வெளியே ஒரு இரவு 150 டாலருக்குத் தங்கி, இட்லி குக்கரைக்கூடக் கொண்டுபோனவள் நீ. ஆறு இரவுக்கு 900. வாங்கிய விலையை விட்டுவிடு, பராமரிப்பு 1,440 மட்டுமே அதைவிட அதிகம். இதில் நுழைவுச்சீட்டு கிடையாது, சாப்பாடு கிடையாது, விமான டிக்கெட் கிடையாது. தினமும் வந்து அறையைப் பெருக்கித் துடைக்கவும் மாட்டார்கள். எப்படியும் வருடா வருடம் டிஸ்னியின் பெரிய ரிசார்ட்டில்தான் தங்குவோம் என்று இருக்கும் குடும்பத்துக்கு இது மிச்சம் பிடிக்கும். மற்றவர்களுக்குப் புதிதாக ஒரு செலவு.

நல்லதையும் சொல்லவேண்டும். ஒரு ரிசார்ட்டின் மொத்த பாயிண்டை அவர்கள் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. ஒரு பருவத்துக்கு ஏற்றினால் இன்னொன்றில் இறக்கவேண்டும். அறை வாடகை ஏறுவதிலிருந்து அது ஒரு பாதுகாப்பு. மற்ற பல டைம்ஷேர்களை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லாதபோது இதற்கு ஒரு மறுவிற்பனைச் சந்தை இருக்கிறது. 1991ல் தொடங்கியது, இன்றுவரை நடக்கிறது. ஏமாற்று என்று சொல்லமாட்டேன்.

ஆனால் நீங்கள் வாங்கிய ரிவியேராவுக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. 2019 ஜனவரி 19 முதல் உள்ள விதிப்படி, ரிவியேராவை உன்னிடமிருந்து மறுவிற்பனையில் வாங்குகிறவர் அதை ரிவியேராவில் மட்டும்தான் பயன்படுத்தலாம், வேறு ரிசார்ட்டுக்குப் போகமுடியாது. உனக்கு எல்லாக் கதவும் திறக்கும், உன்னிடம் வாங்குகிறவருக்கு ஒன்றுதான். அப்படியானால் அவர் என்ன விலை கொடுப்பார்? நடுவில் விற்கவேண்டி வந்தால் அடி அங்கேதான் விழும். நடுவில் ஏன் விற்கவேண்டி வரும் என்று நான் எழுதவில்லை. போன மாதம் உங்கள் ஆபீசில் ஆள் எடுத்தார்கள், பிறகு குறைத்தார்கள் என்று ஏதோ சொன்னாய். வேலை போனால் விசாவுக்கு அறுபது நாள்தான் கெடு என்பது எனக்கும் தெரியும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றுதான் எனக்கு நிஜமாகவே உறுத்துகிறது, யாரும் உங்களுக்கு விளக்கினார்களா என்று தெரியவில்லை. உன் காகிதத்தில் யூஸ் இயர் ஜூன் என்று இருக்கிறது. ஜூன் ஒன்றாம் தேதி புது பாயிண்ட் வரும், மறு மே 31ல் காலாவதி. மிச்சத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளவேண்டுமானால் முதல் எட்டு மாதத்துக்குள், அதாவது ஜனவரி 31க்குள் தள்ளவேண்டும். தள்ளியதைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் போவது எப்போது? குட்டியின் ஏப்ரல் விடுமுறையில். மார்ச்சில் அவனுக்குக் காய்ச்சல் வந்து பயணத்தை ரத்து செய்தாய் என்று வை. ஜனவரி கெடு போயிற்று. மே 31க்குள் வேறு இடம் பிடித்தாகவேண்டும். கிளம்ப முப்பது நாள்கூட இல்லாதபோது ரத்து செய்தால் அந்த பாயிண்ட் தனிக் கணக்குக்குப் போய்விடும், அதை வைத்து அடுத்த அறுபது நாளுக்குள் வரும் தேதிக்குத்தான் பதிவு செய்யலாம். ஸ்டூடியோ அறை அந்த நேரத்தில் எங்கே கிடைக்கும்? ஏப்ரலில் போகிறவர்களுக்குப் பிப்ரவரி, மார்ச், இல்லையானால் ஏப்ரல் யூஸ் இயர்தான் சரி. பயணத்துக்குச் சற்று முன்னால் வருடம் தொடங்கவேண்டும், அப்போதுதான் ரத்தானாலும் தள்ளிப்போட மாதங்கள் மிச்சமிருக்கும். வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால் இதையாவது மாற்றிக் கேள்.

அறைப் பதிவு சொந்த ரிசார்ட்டுக்குப் பதினொரு மாதம் முன்னால், மற்றவற்றுக்கு ஏழு மாதம் முன்னால் திறக்கும். கிறிஸ்துமஸ் மாதிரி நாளுக்குத் திறந்த அன்று காலையிலேயே உட்காரவேண்டும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பெட்டி கட்டும் உன்னால் பதினொரு மாதம் முன்னால் லீவு சொல்ல முடியுமா? கோபித்துக்கொள்ளாதே, என் பெண்ணை எனக்குத் தெரியும்.

"தாத்தா பாட்டி வந்தால் எல்லோரும் சேர்ந்து தங்கலாம்" என்று விற்றவர் சொன்னதாக அம்மா சொன்னாள். 160 பாயிண்டில் ஸ்டூடியோவில் ஒரு வாரம், அதுவும் பருவத்தைப் பொறுத்து. ஸ்டூடியோவில் ஒரு மைக்ரோவேவ், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், அவ்வளவுதான். ஒரு படுக்கையறை என்றால்தான் முழுச் சமையலறையும் துணி துவைக்கும் மெஷினும், அதற்கு ஏறக்குறைய இரண்டு பங்கு பாயிண்ட். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் இரண்டு படுக்கையறை. போன வருடத்ததைத் தள்ளி வைத்து, அடுத்த வருடத்ததை முன்கூட்டி எடுத்தால் மூன்று வருடத்துக்குச் சேர்த்து 480 ஆகும். ஒரு வாரம் தங்கிவிட்டு மறுவருடம் சும்மா இருக்கவேண்டும். அம்மாவுக்கு ஒரு மணி நேரம் நின்றால் கால் வீங்குகிறது. எங்களைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

ஆசையை விடவேண்டாம் என்றால் வேறு வழி இருக்கிறது. இரண்டு வருடம் பாயிண்டை வாடகைக்கு எடுத்துத் தங்கிப் பாருங்கள். மூன்றாவது வருடமும் குட்டி கேட்டால் மறுவிற்பனையில் பழைய ரிசார்ட் ஒன்றை, 100 பாயிண்ட் அளவில், ரொக்கமாக வாங்குங்கள். சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054 வரை போகும், விலை டிஸ்னியிடமே நேராக வாங்கும் விலையைவிட வெகுவாகக் குறைவு. அப்படி வாங்கினால் ரிவியேராவிலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் தங்க முடியாது, பழைய பதினாலில் தங்கலாம், போதாதா? வாங்கும்போது மூன்றைப் பார்: விற்கிறவர் அடுத்த வருட பாயிண்டை ஏற்கனவே எடுத்துச் செலவழித்திருக்கிறாரா, இந்த வருடப் பராமரிப்பை யார் கட்டுவது, யூஸ் இயர் எந்த மாதம். அதே விலைக்குத் தாமே எடுத்துக்கொள்ளும் முதல் உரிமை டிஸ்னிக்கு உண்டு, அதனால் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். கடனுக்கு மட்டும் வேண்டாம். சொல்லிவிட்டேனா? சொல்லிவிட்டேன்.

2070 என்ற எண்ணை நேற்று மூன்று தடவை படித்தேன். எனக்கு அப்போது 116. குட்டிக்கு 51. ஃப்ளோரிடாவில் வருடா வருடம் ஒரு வாரம், 2070 வரை. ஒரு ஊரில் இவ்வளவு நாள் இருப்போம் என்று தெரிந்தவர்கள்தான் இப்படிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று அம்மா சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை.

2018ல் மூன்று வார லீவு போட்டு வரப்போகிறேன் என்று நீ சொன்னபோது, மூன்று பேருக்கு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டவன் நான். அந்தப் பணத்தை வீட்டுக் கடனில் போட்டால் எத்தனை தவணை குறையும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். நீ போட்டாய். தவணையும் குறைந்தது. குட்டி தவழ்ந்ததை நாங்கள் போனில் பார்த்தோம். அடுத்த வருடமும் அதே கணக்கைச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். இவ்வளவு தூரம் வட்டி போட்டுக் காட்டுகிற எனக்கு அது தப்பான கணக்கு என்று அம்மா பலமுறை சொல்லியும் புரியவில்லை. இப்போது இந்தக் கடிதத்தையும் அதே மாதிரிதான் எழுதியிருக்கிறேன், திரும்பப் படித்தபோது தெரிந்தது. கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், செவ்வாய்க்கிழமை கெடு இருப்பதால் அம்மா இதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறேன் என்கிறாள்.

ரத்து என்று முடிவானால் போனில் சொன்னது செல்லாது. எழுத்தில் கொடு. ஒப்பந்த எண், கையெழுத்திட்ட தேதி, உங்கள் பெயர்கள் அதில் உள்ளபடியே, ரத்து செய்கிறோம் என்று ஒரு வரி. காரணம் எழுதாதே. ஒப்பந்தத்தில் கொடுத்திருக்கும் முகவரிக்கே, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வரும் பதிவுத் தபாலில் அனுப்பு. அவர்கள் கைக்குக் கிடைத்த நாள் கணக்கில்லை, தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு. முத்திரை தெரிகிற மாதிரி கவரைப் போட்டோ எடுத்துவை. ஒப்பந்தத்தில் மாப்பிள்ளை பெயர் முதலில் இருக்கிறது, அவர் கையெழுத்தும் வாங்கிக்கொள்.

வைத்துக்கொள்வது என்று முடிவானாலும் சரி, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். எதுவானாலும் இந்தத் தடவை என் போனுக்கே கூப்பிடு.

அம்மா மாடி அறைக்கு ஏசி போடவேண்டும் என்கிறாள். ஆள் வந்து அளவு எடுத்துப் போயிருக்கிறான். எவ்வளவு ஆகும் என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
அப்பா