கேமராவைப் பார்த்தால் செந்தமிழ்

அன்புள்ள மச்சான்,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டுவிட்டேன். பதில் எழுத்தில்தான். நாள் முழுக்க ஹெட்போன் மாட்டி அடுத்தவர் பேச்சை வெட்டி ஒட்டுகிறவனுக்கு, வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே அலுப்பு.

கம்பெனி ஓடுகிறது. காக்கி புக்கிட்டில் அதே அறை, அதே இரண்டு பேர், அரை நேரத்துக்கு ஒரு பாலிடெக்னிக் பையன். கல்யாண வீடியோவும் வேலையிடப் பாதுகாப்பு வீடியோவும் வாடகை கட்டுகின்றன. ஹெல்மெட் வாரை எப்படி இறுக்குவது என்று நாலு மொழியில் எடுத்துக் கொடுத்த காசில்தான் துறைமுகப் படம் நகர்கிறது.

சிங்கப்பூர்த் துறைமுகத்தின் தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி முனையங்கள் மூன்றும் 2027க்குள் துவாஸுக்கு இடம் மாறுவதாகத் திட்டம். 1972 ஜூன் 23 அன்று ராட்டர்டாமிலிருந்து 300 பெட்டிகளோடு வந்த முதல் கொள்கலன் கப்பல் தஞ்சோங் பகாரில்தான் நின்றது. அதுவரை மூட்டை சுமந்த நம் ஆட்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் படம்.

புக்கிட் மேராவில் ஒரு தாத்தா, வயது 84. கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் மண்டோரையும் (வேலை வாங்கும் மேஸ்திரி) தொங்கானையும் (சரக்குப் படகு) பற்றி அவர் பேசுவதைக் கேட்கக் காது கொடுத்து வைத்திருக்க வேண்டும். பாதி மலாய், பாதி ஊர்த் தமிழ், நடுநடுவே நாகரிகமான கெட்ட வார்த்தை. கேமராவை வைத்தோமோ இல்லையோ, "அக்காலத்தில் நாங்கள் சொல்லொணாத் துயரங்களை அனுபவித்தோம்" என்று ஆரம்பித்துவிட்டார்! வானொலிச் செய்தி மாதிரி. மூன்று நாள் இதே கதை. சட்டையில் குத்திய மைக்கைக் கழற்றினால் மனிதர் திரும்பி வந்துவிடுவார்.

நாலாவது நாள் அவரை விட்டுவிட்டுப் பாட்டியைப் பிடித்தோம். ரெண்டு பேருக்கும் சொல்லிவிட்டுத்தான் கேமராவை அடுப்படி வாசலில் வைத்தேன். மீன் பொரித்துக்கொண்டே பாட்டி, "கண்டெய்னர் வந்தப்புறம் இவருக்கு வேல லேசாயிருச்சு" என்றார். ஹாலிலிருந்து ஒரு சத்தம்: "யாருடி சொன்னா லேசுன்னு? அம்பது பேர் தூக்குனத ஒரு கிரேன் தூக்கிருச்சு. ரெண்டு மாசம் கரையில ஒக்காந்து கப்பலப் பாத்துட்டு வந்தேன். ஒங்கிட்ட வேலைக்குப் போறேன்னுதான் சொன்னேன்."

பாட்டி அகப்பையோடு திரும்பிப் பார்த்தார். அவருக்கே அது அன்றுதான் தெரியும்.

மைக் பாட்டியின் சேலையில். தாத்தா குரலுக்கு மேல் விசிறிச் சத்தம், எண்ணெய்ச் சத்தம். என் கூட்டாளி இது தேறாது, இன்னொரு முறை சொல்லச் சொல்லுவோம் என்றான். இரண்டு நாள் சண்டை. நான் விடவில்லை; சப்டைட்டில் போட்டு அப்படியே வைத்திருக்கிறோம். ரஃப் கட்டை, அதாவது படத்தின் முதல் தொகுப்பை, ஓர் இடத்தில் காட்டினோம். "பேச்சு கொஞ்சம் கொச்சையா இருக்கே, டப்பிங்கில் சரிபண்ண முடியுமா?" என்று கேட்டார்கள். கோப்பி குடித்துவிட்டு வந்துவிட்டோம். பணம் இன்னும் கொஞ்சம் திரட்ட வேண்டும், அவ்வளவுதான். அடுத்த மாதம் மூன்று கல்யாணம் இருக்கிறது.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. மூட்டை தூக்கும்போது சேர்ந்து பாடிய பாட்டில் தாத்தாவுக்கு முதல் அடி மட்டும்தான் நினைவிருக்கிறது. உன் அப்பாவும் அங்கேதானே வேலை பார்த்தார்? பெர்த் குளிரில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார், கேட்டுப் பார். போனிலேயே பதிவு செய்தால் போதும். எதற்கென்று முதலிலேயே சொல்லிவிடு. சொல்லாமல் எடுத்ததை நான் போட மாட்டேன். சொன்னதும் அவரும் செந்தமிழுக்குத் தாவிவிடுவார், அதனால் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வை. ஹீட்டரை மட்டும் அணைத்துவிடு.

அன்புடன்,
உன் மச்சான்