ஏ.சி. கேஸ் எங்கே போனது? மின்சார கார் சர்வீஸ் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மின்சார கார் கம்பெனிகளின் சர்வீஸ் பிரிவுத் தலைவர்களுக்கு,

வணக்கம். திருச்சியிலிருந்து சென்னைக்கு மாதம் இரண்டு முறை காரில் போய்வருகிறவன் நான். மின்சார கார் வாங்கி மூன்றரை வருடம் ஆகிறது. வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. அதன் ஏ.சி.யைச் சரிசெய்ய உங்கள் ஆட்கள் பட்ட பாட்டையும் என்னைப் படுத்திய பாட்டையும்தான் சொல்ல வந்தேன்.

கத்திரி தொடங்கிய வாரம். கிளம்பும்போது சில்லென்று வந்த காற்று, பெரம்பலூர் தாண்டுவதற்குள் வெறும் ஃபேன் காற்றாகிவிட்டது. பின்சீட்டில் அம்மா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு வந்தார். விழுப்புரம் பக்கம் ஃபாஸ்ட் சார்ஜரில் போட்டால், முக்கால் மணி நேரத்தில் முடிகிற சார்ஜ் ஒன்றரை மணி நேரம் இழுத்தது. சார்ஜர்தான் கோளாறு என்று அங்கே நின்ற பையனிடம் சத்தம் போட்டேன். பாவம், அவன்மேல் தப்பே இல்லை. என் காரில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏ.சி. கேஸ்தான். அது வேலை செய்யாவிட்டால் பேட்டரி கொதித்துவிடாமலிருக்க, கார் தானாகவே சார்ஜ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை உங்கள் ஷோரூமில் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல்முறை சர்வீஸுக்குப் போனபோது கேஸ் நிரப்பினார்கள். ஜாப் கார்டில் ‘ஏ.சி. கேஸ் டாப்-அப், செக்டு ஓகே’. ஒன்பதாவது நாள் மறுபடி சூடு. இரண்டாம் முறை கேபின் ஃபில்டரை மாற்றிவிட்டு, அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்த்து, “பிரஷர் சரியா இருக்கு சார், கேஸ் பிரச்சினை இல்லை” என்றார் அட்வைசர்.

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். என் கார் ஏ.சி.யில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். ஏ.சி. ஓடாமல் நிற்கும்போது அது காட்டும் அழுத்தம் சூட்டைப் பொறுத்தது. 30 டிகிரியில் சுமார் 97 பி.எஸ்.ஐ. உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை, 300 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். வீட்டு கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று எப்படிப் பார்க்கிறோம்? தூக்கித்தானே பார்க்கிறோம். இதுவும் அப்படித்தான், எடை போட்டால்தான் தெரியும். அதற்கான மிஷின் உங்கள் ஒர்க்‌ஷாப் மூலையில் நின்றது. அதை உருட்டிக்கொண்டு வர யாருக்கும் கை வரவில்லை.

மூன்றாம் முறை ஸ்கேனர் போட்டார்கள். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் ஓடவில்லை என்று வந்தது. உடனே கம்ப்ரசர் போச்சு, 62,000 ரூபாய் என்று எஸ்டிமேட். பேட்டரிக்கு 8 வருட வாரண்டி, ஏ.சி.க்கு 3 வருடம்தான். அது முடிந்து ஆறு மாதமாகிவிட்டது. கம்ப்ரசர் ஓடாதது வேறு, அதை ஓட விடாதது வேறு. கேஸ் ரொம்பக் குறைந்து, ஓடும்போது அழுத்தம் விழுந்தால் பிரஷர் சென்சார் பார்த்துச் சொல்லும், கன்ட்ரோலர் கம்ப்ரசரை ஓட விடாது. கம்ப்ரசரைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடே.

சரி, வெளியே காட்டலாம் என்று தில்லை நகர் பக்கம் தெரிந்த ஏ.சி. மெக்கானிக்கிடம் போனேன். பானட்டைத் திறந்தவர், ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் ஓடும் ஆரஞ்சு ஒயரைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “அண்ணே, இதுல நான் கை வைக்க மாட்டேன். என் மிஷின்ல ஓடுறது பெட்ரோல் கார் ஆயில்.” அவர் சொன்னது அத்தனையும் சரி. கம்ப்ரசருக்குள் கேஸோடு சேர்ந்து ஆயிலும் ஓடும். பெட்ரோல் காரில் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர்களுக்குப் பெரும்பாலும் பிஏஜி என்ற வகை ஆயில். மின்சார கம்ப்ரசருக்குள் மோட்டாரின் சுருளே ஆயிலில்தான் நனைந்து கிடக்கிறது. அதற்கு மின்சாரம் கடத்தாத பிஓஇ என்ற வகை ஆயில் வேண்டும். மாறிப் போனால் இன்சுலேஷன் கெட்டு வண்டியே ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். நான் கிளம்பும்போது ஒன்று செய்தார். மொபைல் டார்ச்சை முன் கிரில்லுக்குள் அடித்து, கேஸின் சூட்டை வெளியே விடும் கன்டென்சரின் கீழ் மூலையைக் காட்டினார். உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் மண் அப்பிக் கிடந்தது. “கல்லு பட்டிருக்கு. கேஸ் போற இடத்துல ஆயிலும் கசியும்ணே.”

அதை போட்டோ எடுத்துக்கொண்டு உங்களுடைய இன்னொரு சென்டருக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டெக்னீஷியன், இருக்கும் கேஸை வெளியே எடுத்து எடை போட்டார். 500 கிராம் இருக்க வேண்டியதில் 190 கிராம். அப்புறம் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவினார். அந்த மூலையில் நுரை மொட்டு மொட்டாகக் கிளம்பியது. கன்டென்சர் மாற்றி, உள்ளே இருந்த காற்றையெல்லாம் உறிஞ்சி வேக்குவம் போட்டு, கேஸை எடை பார்த்து நிரப்பினார். கம்ப்ரசர் பழையதே. இன்றுவரை ஓடுகிறது.

பெட்ரோல் காரில் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸ் போகும் என்று டாப்-அப் செய்து பழகிவிட்டார்கள். மின்சார கம்ப்ரசரில் வெளியே நீட்டும் ஷாஃப்டே கிடையாது. கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பழைய பழக்கத்தைப் புது வண்டிக்கும் கொண்டுவந்து விடாதீர்கள்.

நான் கேட்பது பெரிதில்லை. ஏ.சி. புகார் என்றால் எத்தனை கிராம் வெளியே வந்தது, எத்தனை கிராம் உள்ளே போனது, வேக்குவம் எத்தனை நிமிடம் நின்றது, ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீடு என்ன என்பதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நான்கும் இல்லாமல் கம்ப்ரசர் எஸ்டிமேட் போடக் கூடாது. எந்த ஆயில், எவ்வளவு கேஸ், ஆரஞ்சு ஒயரில் கை வைக்குமுன் மின்சாரத்தை எப்படித் துண்டிப்பது என்பதை வெளி மெக்கானிக்குகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் இணையதளமே திறந்துவிட்டது. என் காரின் ஏ.சி. ஆயில் பெயர் இன்னும் உங்கள் ஓனர் கையேட்டில் இல்லை.

மூன்று ஜாப் கார்டின் நகலையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஓட்டை விழுந்த கன்டென்சர் என் வீட்டுத் திண்ணையில் இருக்கிறது. பயிற்சி வகுப்புக்கு வேண்டுமென்றால் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்,
திருச்சி