வீடு மாற்றலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிள்ளைகள் படிப்புக்காக ராமநாதபுரத்தில் வீடு பார்க்கட்டுமா என்று கேட்டாய். போனில் பேசினால் பாதியில் மச்சான் வாங்கிவிடுவார், பேச்சு டீசல் விலைக்குப் போய்விடும். அதனால் எழுதுகிறேன். இதே யோசனையில் கடற்கரையில் வேறு வீடுகளும் இருக்கும், அவர்களும் படிக்கட்டும்.

“கலாம் இந்த ராமேஸ்வரம் தீவில் பேப்பர் போட்டுத்தானே ஜனாதிபதி ஆனார், படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் படிக்கும்” என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு இது கேட்டுக் கேட்டு அலுத்த பேச்சு. அவரைச் சுற்றி யார் யார் இருந்தார்கள் என்று பார்ப்பதில்லை. அவரைவிடப் பதினைந்து வயது மூத்த ஜலாலுதீன் சாயங்காலம் கூடவே நடந்து உலக விஷயம் பேசினார். அன்றைக்குத் தீவிலேயே ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று கலாமே சொல்லியிருக்கிறார். மாணிக்கம் என்பவர் வீடு நிறையப் புத்தகம் வைத்திருந்தார், கேட்டால் கொடுப்பார். அறிவியல் வாத்தியார் சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டார். பையன் கெட்டிக்காரன், அது சரி. எட்டி நடக்கிற தூரத்தில் இத்தனை பேரும் இருந்தார்களே!

நம் தெருவைக் குறை சொல்லவில்லை. மச்சான் கடலில் தங்கிய ராத்திரி பாப்பா எந்த வீட்டிலும் சாப்பிட்டுத் தூங்கும். வாடைக் காற்றில் வடகடல் கலங்கும், சோழகம் என்கிற தென்காற்றில் தென்கடல் கலங்கும் என்று சின்னப் பயலுக்கும் தெரியும். ஆனால் பன்னிரண்டாவது முடித்து என்ன படிக்கலாம் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. லீவு நாளில் நாட்டுப்படகு ஏறினால் மாலையில் கையில் பங்குக் காசு. பதினைந்து வயதில் அந்தக் காசை மறுக்க, படித்து வேலைக்குப் போன ஒருத்தரையாவது பையன் பக்கத்தில் பார்த்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில் ஒரு சோதனை நடந்தது. அரசுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 ஏழைக் குடும்பங்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த இடத்துக்குக் குடிபோனால் மட்டும் செல்லும் வாடகை உதவி கொடுத்தார்கள். ராஜ் செட்டி என்ற பொருளாதார ஆய்வாளர் (தமிழ்க் குடும்பம்தான், டெல்லியில் பிறந்தவர்) இன்னும் இருவரோடு சேர்ந்து, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு வருமானக் கணக்கைப் பார்த்தார். 13 வயதுக்கு முன்பே அப்படி இடம் மாறியவர்கள் இருபதுகளின் நடுவில், உதவி கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளைவிட 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இத்தனைக்கும் பெற்றோரின் சம்பாத்தியம் கூடவில்லை. 13 தாண்டிப் போன பிள்ளைகளுக்குப் பலன் இல்லை, கொஞ்சம் நஷ்டம்கூடத் தெரிந்தது.

அந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு. துப்பாக்கிச் சத்தம் கேட்டு வளர்கிற பிள்ளைகள் நம்முடையவை அல்ல. 31 என்ற எண்ணை இங்கே தூக்கிக்கொண்டு வர மாட்டேன். வயசுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது உன் வீட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. பாப்பாவுக்கு எட்டு. மூத்தவன் பத்தாவது. கூட்டாளிகளை விட்டுப் பிரித்து, பரீட்சை வருடத்தில் அவனைப் புதுப் பள்ளியில் கொண்டுபோய் உட்கார வைக்காதே. பரீட்சை முடியும்வரை இங்கே நம் அம்மாவிடம் இருக்கட்டும்.

இன்னொன்று. டவுனுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வாடகைதான் மிச்சம். செட்டியின் குழு 2022-இல் ஃபேஸ்புக் நட்புகளை வைத்து ஆராய்ந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வசதியான வீட்டு நண்பர்கள் இல்லாமல் போவதற்குப் பாதிக் காரணம் இருவரும் ஒரே இடத்தில் இல்லாதது. மீதிப் பாதி, ஒரே இடத்தில் இருந்தும் சேராதது. வழிபாட்டு இடங்களில் இந்த விலகல் குறைவு என்றும் கண்டார்கள். அதனால் வீடு பார்க்கும் முன்னே அங்கே நம் மாதா கோவிலைப் பார். ஞாயிறு மறைக்கல்வி, பாடகர் குழு இரண்டிலும் பாப்பாவைச் சேர். நூலகத்துக்கு நடந்தே போக முடிகிற தெருவாகப் பார். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே போய் நில், பெண்பிள்ளைகள் வெளியே விளையாடுகிறார்களா என்று தெரிந்துவிடும். மாடி, டைல்ஸ் எல்லாம் அப்புறம்.

மச்சான் வாரக் கடைசியில் பஸ் ஏறி வரட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு ஓடாது, அந்த இரண்டு மாதமும் உங்களோடுதான் இருப்பார். பள்ளி சேர்க்கையும் அப்போதுதான். அட்வான்ஸில் பாதி நான் தருகிறேன், இதை அவரிடம் நீயே சொல். நான் சொன்னால் சண்டை பிடிப்பார்.

அன்புடன்,
அண்ணன்