மனநலப் பயிற்சி வெளிநோயாளர் அறைக்கும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ மாணவர்களுக்கு மனநலத் துறையில் கிடைக்கும் சில வாரப் பயிற்சியில் அவர்கள் எதைக் கற்க வேண்டும் என்பது குறித்து, தோட்ட மருத்துவமனைகளில் டிரெஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த மாணவர்களில் பெரும்பாலோர் மனநல நிபுணர்கள் ஆகப்போவதில்லை. பயிற்சி மருத்துவர்களாக இருந்து முடித்த பின் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் அரசாங்கக் கிளினிக்குகளுக்குத்தான் வரப்போகிறார்கள். அங்கே அவர்களைத் தேடி வரும் நோயாளிகளை மனத்தில் வைத்து அந்தச் சில வாரங்கள் அமைய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அந்த நோயாளிகளில் யாரும் மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் ஓர் அம்மா, "நெஞ்ச அடைக்குது டாக்டர், உடம்பெல்லாம் அசதியா இருக்கு, விடியக்காலம் மூணு மணிக்கே முழிப்பு வந்திருது" என்பார். பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்ப வேண்டிய நேரத்துக்கும் வெகு முன்னதாக விழித்துக் கிடக்கும் அவரிடம், பசி எப்படி, முன்பு பிடித்த காரியங்களில் இப்போது ஆசை உண்டா, வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்காமல், கேஸ்ட்ரிக் மாத்திரையும் பனடோலும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த மாதமும் அதே அம்மா அதே மாத்திரையோடு திரும்புவார். மொழிபெயர்க்க மருமகளோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது அவர் உண்மையைச் சொல்லமாட்டார் என்பதையும், அவர்களைச் சற்று நேரம் வெளியே உட்காரவைத்துவிட்டுத் தமிழ் தெரிந்த தாதி ஒருவரை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மாணவர் பயிற்சிக் காலத்திலேயே பழகிக்கொள்ள வேண்டும். அதோடு தைராய்டு, இரத்தசோகை போன்றவையும் இதே அசதியைக் கொடுக்கும் என்பதால், மனநலம் படிக்கும்போது உடலை மறந்துவிடவும் கூடாது.

உடலை மறப்பதால் வரும் கேடு குடிப்பழக்கம் உள்ளவர்களிடம்தான் அதிகம் தெரியும். பல ஆண்டுகளாகச் சம்சு என்னும் மலிவான சாராயம் குடித்தவர், காய்ச்சலாலோ கையில் காசு இல்லாமலோ திடீரென்று நிறுத்துகிறார். இரண்டு மூன்று நாட்களில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிவிடுகிறார், கூட இருப்பவர்களை அடையாளம் தெரியாமல் ஏசுகிறார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இதற்குப் பெயர் பேய் பிடித்தது. அவசரப் பிரிவில் மாட்டிக்கொண்ட இளம் மருத்துவர் சில நேரம் இதற்குப் பைத்தியம் என்று பெயர் வைக்கிறார். இரண்டுமே தவறு. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரையே எடுக்கக்கூடிய நிலை இது. உடனடியாக மருத்துவமனையில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தையமின் (வைட்டமின் பி1) கொடுத்துக் கவனிக்க வேண்டியது. முதியவர் ஒருவர் ஓர் இரவில் திடீரென்று குழம்பிப் போவதும் இப்படித்தான். சிறுநீர்த் தொற்றோ உப்புச் சத்துக் குறைவோ காரணமாக இருக்கலாம். அரிய நோய்களின் பெயர்ப் பட்டியலைவிட இந்த இரண்டையும் கண்டறியத் தெரிந்த மருத்துவரே எங்களுக்கு வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்பதற்கு மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள்; கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டவரிடம்தான் மனிதர் மனம் திறப்பார். தோட்டப்புறத்தில் கேட்டே ஆக வேண்டிய கேள்வி இது. விஷத்தை முறிக்கும் மருந்தே இல்லாத பராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டிருந்தாலும், வேறு விஷங்கள் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. வீட்டில் என்ன மருந்து வைத்திருக்கிறீர்கள் என்ற கேள்வியும் கூடவே வர வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வருமா என்று பயந்து வாயடைத்து நிற்கும் குடும்பத்திடம் அதை எடுத்துச் சொல்லவும் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து கொடுக்கும்போது பேச வேண்டிய பேச்சு தனிப் பாடமாகவே இருக்கலாம். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவருக்கு ஹலோபெரிடால் என்னும் மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது, கண் மேலே செருகிக்கொண்டது. மாற்று ஊசி ஒன்று போட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும் பக்கவிளைவுதான் அது. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், சாமி கோபித்துக்கொண்டது என்று முடிவுகட்டி மாத்திரைகளையும் சேர்த்துக் குப்பையில் போட்டார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், தொந்தரவுதான் முதலில் வரும் என்று சொல்லாமல் கொடுப்பதும் வீணே. பூசாரியிடம் போனதற்காகக் குடும்பத்தைக் கடிந்துகொள்ளும் மருத்துவரிடம் அவர்கள் திரும்பி வருவதில்லை. "வேண்டுதலைச் செய்யுங்கள், மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்" என்பவரிடம் வருகிறார்கள்.

பேராக்கில் மனநல மருத்துவமனை இருக்கும் தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே கேலிக்குரிய பெயராகிவிட்டது. 1911-இல் தொடங்கிய அந்த மருத்துவமனை செய்துவரும் சேவைக்கு இது அநியாயம் என்பது வேறு விஷயம். எந்த மருத்துவமனை வார்டாக இருந்தாலும் அங்கே கடுமையாக நோயுற்றவர்களை மட்டுமே சில வாரம் பார்க்கும் மாணவர், இந்த நோய்கள் குணமாவதே இல்லை என்று எண்ணிக்கொண்டு வெளியேறுகிறார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஒழுங்காக வேலைக்குப் போகிறவரை அவர் சந்திப்பதில்லை. அந்த மாத்திரையால் எடை கூடிச் சர்க்கரை ஏறும்போது கவனிக்கப்போவது இதே கிளினிக் என்பதும் அவருக்குத் தெரிவதில்லை.

ஆகவே, பயிற்சியின் ஒரு பகுதியை மாவட்ட சுகாதார கிளினிக்குகளில் கழிக்கவும், ஒரே நோயாளியைப் பயிற்சி முடியும்வரை தொடர்ந்து பார்க்கவும், ஒருமுறையாவது அவர் வீட்டுக்குச் சென்று குடும்பத்தாரோடு பேசவும் மாணவர்களுக்கு வழிசெய்யுமாறு மருத்துவக் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தேர்வில் கேள்வித்தாளோடு நிறுத்திவிடாமல், நெஞ்சடைப்பு என்று வந்த ஒருவரிடம் இருபது நிமிடம் பேசவைத்து, மாணவர் என்ன கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார் என்பதற்கும் மதிப்பெண் போடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட டிரெஸர்,
சுங்கை சிப்புட், பேராக்.