வயிறு என்னுதுல்லா?

பாளையங்கோட்டை
ஐப்பசி 12

அன்புச் சேக்காளிக்கு,

மூட்டுவலி தேவலையா? இங்கே அடைமழை. குறுக்குத்துறை முருகன் கோயில் தண்ணிக்குள்ளே நிற்கிறது.

சேரன்மகாதேவி அத்தானுக்கு இரைப்பையில் புற்று. பயாப்சி ரிசல்ட் வந்த அன்றே மகன்மார் ரெண்டு பேரும் டாக்டர் ரூம் வாசலில் மறித்துக்கொண்டார்கள். "அப்பாட்ட அல்சர்னு சொல்லுங்க சார். தெரிஞ்சா மனசு விட்ருவாரு." ஆப்பரேஷன் படிவத்தில் கையெழுத்துப் போட பெரியவன் பேனாவையும் எடுத்துவிட்டான். நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. முப்பது வருஷ ஆஸ்பத்திரி சர்வீஸில் "சின்னக் கட்டிதான் தாத்தா" என்று நீயும் நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்!

படிக்கிறப்போ சொல்லித் தந்த மருத்துவ அறத்தின் நாலு விதி ஞாபகம் இருக்கா? நோயாளியின் முடிவை மதி, நல்லது செய், கெடுதல் செய்யாதே, பாரபட்சம் பார்க்காதே. பீச்சம், சில்ட்ரஸ் என்ற ரெண்டு அமெரிக்க அறிஞர்கள் 1979ல் வகுத்தது. கிளி மாதிரி ஒப்பித்தோம். ரெண்டாவதைச் செய்கிற நினைப்பிலேயே முதலாவதை மிதித்துவிடுவோம் என்று யார் சொல்லித் தந்தார்கள்?

மகன்மாரைக் குறை சொல்ல மனசில்லை, பாசம்தான். ஆனால் வாழைத்தோட்டம் ஒத்தியில் கிடக்கிறது. தையில் மீட்டுக்கொள்ளலாம் என்று அத்தான் இருக்கிறார். தைக்கு அவர் உடம்பு எப்படி இருக்கும் என்ற கவலை அவரைத் தவிர எல்லாருக்கும்.

நல்லவேளை, டாக்டரம்மா மசியவில்லை. "சுயநினைவோட இருக்கிறவருக்கு நீங்க கையெழுத்துப் போட முடியாது தம்பி" என்றுவிட்டார். பெரியவன் என்னிடம் வந்து குதித்தான். கேண்டீனில் காபி வாங்கிக் கொடுத்து 2008ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கைச் சொன்னேன். சோதனைக்கென்று மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, அம்மாவிடம் சம்மதம் வாங்கி கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். அம்மா சம்மதம் செல்லாது என்றது கோர்ட்.

சாயங்காலம் டாக்டரம்மா கட்டில் ஓரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "ரிப்போர்ட் வந்திருக்கு. உங்ககிட்ட பேசட்டுமா, பையங்ககிட்ட பேசிக்கிடட்டுமா?" நம் காலத்தில் இப்படிக் கேட்கத் தோன்றியதா நமக்கு? வேண்டாம் என்று சொல்லவும் அதில் இடமிருக்கிறது, பார்த்தியா.

"வயிறு என்னுதுல்லா? எங்கிட்டயே சொல்லுங்க."

கேட்டுவிட்டு வெகுநேரம் போர்வை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கேட்டு வாங்கி, தானே கையெழுத்துப் போட்டார். ஒத்திக்காரரைப் பார்க்க நாலு நாள் தவணை கேட்டார். அதற்கென்ன என்றார் டாக்டரம்மா.

ராத்திரி கஞ்சி கொடுக்கப் போனேன். "ஒனக்கு முந்தியே தெரியும், என்னா?" என்றார். ஆமா அத்தான் என்றேன். சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூணு நாளாச்சு, என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மழை விட்டதும் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்.

உன்
சேக்காளி