பதினெட்டுப் பெயர்களை எழுதும் முன்: கடலூர் மாவட்ட ஹாக்கித் தேர்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்தின் 16 வயதுக்குட்பட்டோர் ஹாக்கி அணியைத் தேர்ந்தெடுக்கப் போகும் பயிற்சியாளர்களுக்கும் தேர்வுக்குழுப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் பயிற்சியாளன் இல்லை, ரசிகன். பள்ளி மண்டலப் போட்டியானாலும் சரி, சென்னை எழும்பூரில் நடக்கும் சர்வதேசப் போட்டியானாலும் சரி, ஹாக்கி என்றால் போய் உட்கார்ந்துவிடுவேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். நான் கேட்பது இதுதான்: இந்த ஆண்டுக் கோப்பையை மட்டும் மனதில் வைத்து அணி எடுக்காதீர்கள். இன்று பதினான்கு வயதில் இருக்கும் பிள்ளை பத்தொன்பது வயதில் எப்படி ஆடும் என்று யோசித்து எடுங்கள். எடுத்த பிறகு மூன்று ஆண்டுகளாவது அந்தக் குழுவைக் கலைக்காமல் வைத்திருங்கள்.

இப்படிப் பொறுமையாக வளர்த்தால் என்ன கிடைக்கும் என்பதை நம் நாட்டு ஹாக்கியே காட்டியிருக்கிறது. 2016 டிசம்பரில் லக்னோவில் இந்தியா ஜூனியர் உலகக் கோப்பையை வென்றது. இறுதிப் போட்டியில் பெல்ஜியத்தை 2-1 என்று வீழ்த்திய அந்த இரண்டு கோல்களையும் அடித்தவர்கள் குர்ஜந்த் சிங்கும் சிம்ரன்ஜீத் சிங்கும். ஐந்து ஆண்டுகளுக்குள், 2021 ஆகஸ்டில், டோக்கியோவில் இந்தியா வெண்கலம் வென்றது. 1980 மாஸ்கோவில் நம் மாநிலத்து வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கிய பிறகு, 41 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. அந்த டோக்கியோ அணியைப் பாருங்கள். ஹர்மன்பிரீத், மன்தீப், வருண் குமார், சுமித், நீலகண்ட சர்மா, குர்ஜந்த், சிம்ரன்ஜீத் என்று ஏழு பேர் லக்னோவில் ஒன்றாக ஆடியவர்கள். யார் எந்தப் பக்கம் ஓடுவான், யாருக்கு எந்த வேகத்தில் பந்து வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

மாவட்ட அளவிலும் விஷயம் இதேதான். ஆனால் எங்கும் நடப்பது வேறு. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக டிரையல்ஸ், புதிதாகப் பதினெட்டுப் பேர், பத்து நாள் கேம்ப், ஒரு போட்டி. தோற்றால் அதோடு கலைந்துவிடும். ஜெயித்தாலும் கலைந்துதான் போகிறது.

தேர்வில் கவனிக்க வேண்டியவற்றில் முதலில் உயரம். பதின்மூன்று, பதினான்கு வயதில் சிலருக்கு மீசை அரும்பிவிடுகிறது, சிலர் இன்னும் குழந்தையாகவே நிற்கிறார்கள். வளர்ந்தவன் ஓங்கி அடித்தால் பந்து பறக்கும், மோதினால் சின்னவன் விழுவான். தேர்வு நாளில் அவன்தான் பெரிய ஆட்டக்காரனாகத் தெரிவான். இரண்டு ஆண்டில் மற்றவர்களும் வளர்ந்து வந்ததும் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. அதற்குள் சின்னவன் ஸ்டிக்கை மூலையில் வைத்துவிட்டு கிரிக்கெட்டுக்கோ டியூஷனுக்கோ போயிருப்பான். இதில் பிறந்த மாதத்துக்கும் பெரிய பங்குண்டு. வயதுக் கணக்கு ஜனவரி 1இலிருந்து தொடங்குகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, ஆனால் இடையில் கிட்டத்தட்ட ஒரு வருட வளர்ச்சி இருக்கிறது. 1980களில் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் பனிக்கட்டி ஹாக்கியின் இளையோர் அணிகளை எடுத்துப் பார்த்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அங்கே அதிகமாக இருப்பதைக் கண்டார். பனியில் ஆடும் ஹாக்கி வேறு விளையாட்டுதான், ஆனாலும் பிள்ளைகள் வளரும் விதம் அங்கும் இங்கும் ஒன்றுதானே. ஆகவே உங்கள் தேர்வுத் தாளில் பெயருக்கு அருகில் பிறந்த மாதத்தையும் எழுதி வையுங்கள். இரண்டு பேர் சமமாக ஆடுகிறார்கள் என்றால், பிந்திப் பிறந்தவனை எடுங்கள். பதினெட்டில் ஆறு பேராவது அடுத்த ஆண்டும் இதே பிரிவில் ஆடத் தகுதி உள்ளவர்களாக இருக்கட்டும்.

வயதைக் குறைத்துக் காட்டும் சான்றிதழ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய விளையாட்டு முழுவதையும் அரிக்கும் நோய் இது. பதினெட்டு வயதுப் பையன் பதினாறு வயதுப் பிரிவில் ஆடி நாம் வாங்கும் கோப்பை நமக்கு வேண்டாம். அது அவனுக்கும் நல்லதில்லை, அவனால் இடம் இழந்த பிள்ளைக்கும் நல்லதில்லை. சந்தேகம் வந்தால் தயங்காமல் ஒதுக்கி வையுங்கள். தோற்றாலும் ரசிகர்கள் நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம்.

அப்புறம் டிரையல்ஸ். ஒரே காலையில் ஏகப்பட்ட பேர் வந்து நிற்பார்கள். அணி பிரித்து ஆளுக்குப் பத்து நிமிடம் ஆட விடுவது வழக்கம். அந்தப் பத்து நிமிடத்தில் கண்ணில் படுபவன் யார்? பந்தை வாங்கி மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு ஓடுபவன். பக்கத்தில் ஆள் சும்மா நின்றாலும் அவன் பாஸ் கொடுக்கமாட்டான், கொடுத்துவிட்டால் தன்னை யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். நாம்தான் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுக்கிறோம். இன்னொரு பக்கம், பந்து வருவதற்கு முன்பே சரியான இடத்தில் போய் நின்று, எதிரணியின் தாக்குதலைத் தொடங்கவே விடாமல் செய்த, நடுவரிசையில் ஆடும் ஹாஃப் ஒருவன் இருப்பான். அவன் பெயர் யார் தாளிலும் ஏறாது. பட்டியல் வெளிவரும்போது ஃபார்வர்டுகள் குவிந்து கிடப்பார்கள், பின்வரிசைக்கு ஆள் போதாமல் அவர்களில் ஒருவனையே பின்னால் இழுத்து நிறுத்த வேண்டிவரும்.

இதற்கு எனக்குத் தெரிந்த வழி, டிரையல்ஸ் அன்று மட்டும் பார்க்காமல் பள்ளிப் போட்டிகளிலேயே பார்க்கத் தொடங்குவது. விருத்தாசலம், சிதம்பரம், பண்ருட்டி, நெய்வேலி என்று மண்டலப் போட்டி நடக்கும் இடங்களுக்கு ஒருவர் போய் உட்கார்ந்து குறிப்பெடுத்து வரலாம். அந்தந்தப் பள்ளியின் பி.இ.டி. சாரிடமும் மேடத்திடமும் கேளுங்கள். எந்தப் பிள்ளை மழையானாலும் வருகிறது, எது தோற்ற மறுநாளும் முதல் ஆளாக நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். ஆட்டம் பார்க்கும்போது பந்து இருப்பவனை விட்டுவிட்டு, பந்தைப் பறிகொடுத்தவனைப் பாருங்கள். அடுத்த நான்கு விநாடியில் திரும்பி ஓடித் துரத்துகிறானா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா? பாஸ் தன்னிடம் வந்து சேர்வதற்குள் ஒருமுறை தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்துக்கொள்கிறானா? இந்த இரண்டும் உள்ள பிள்ளைக்கு மற்றதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

நம் கிராமப் பள்ளிகளில் மண் தரையில் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கொடுங்கள். மண்ணில் பந்து எகிறும், அதனால் அவர்கள் ஸ்டிக்கைச் சற்று நிமிர்த்திப் பிடித்தே நிறுத்துவார்கள். செயற்கைப் புல்தளமான டர்ஃபில் பந்து தரையோடு ஒட்டி, நினைத்ததைவிட வேகமாக வரும், நன்றாகக் குனிந்து ஸ்டிக்கைப் படுக்கவைத்து வாங்க வேண்டும். முதல் நாள் டர்ஃபில் தடுமாறுவதால் ஒருவனுக்கு ஆட்டம் தெரியாது என்று முடிவுகட்டிவிட முடியாது. எகிறும் பந்தை அடக்கிப் பழகிய கை, டர்ஃபுக்குப் பழகிய பிறகு மற்றவர்களைவிடத் துல்லியமாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது கோல்கீப்பர். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் இதை மறந்துவிடாதீர்கள். பதினாறு பேரை எடுத்து முடித்த பிறகு, ‘கீப்பருக்கு யார் இருக்கா?’ என்று தேடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. ஓட முடியாதவன், குண்டாக இருப்பவன் தலையில் ஹெல்மெட்டை மாட்டி நிறுத்துவார்கள். உண்மையில் கீப்பர்தான் வளர்வதற்கு அதிகக் காலம் எடுப்பவர். இந்தியாவின் கோல்கீப்பராக இருந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்குப் போனபோது அவர் ஹாக்கிக்காரரே இல்லை. ஓட்டம், நீளம் தாண்டுதல், வாலிபால் என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்தவர். அங்கே பயிற்சியாளர்தான் அவரைக் கோல் வலைக்கு முன்னால் நிறுத்தினார். கிட் வாங்க அவருடைய அப்பா வீட்டுப் பசுவை விற்றார். 2006இல் இந்திய அணிக்கு வந்தும், நிலையான முதல் கீப்பராக ஆக இன்னும் சில ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு வெண்கலம். பாரிஸ் காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, பத்துப் பேரோடு பிரிட்டனைச் சமாளித்து ஷூட் அவுட் வரை கொண்டுபோய் ஜெயித்தோமே, அன்று கோலைக் காத்தவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 36. எனவே முதல் இரண்டு பெயர்களைக் கீப்பர்களின் பெயர்களாக எழுதுங்கள். ஒருவர் இந்த ஆண்டுக்கு, இன்னொருவர் இரண்டு ஆண்டு இளையவர். இளையவருக்கும் முழு ஆட்டங்கள் கொடுங்கள், பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே யாரும் கீப்பர் ஆகிவிட முடியாது.

இடது ஓரத்தையும் கவனியுங்கள். ஹாக்கியில் இடதுகைக்காரருக்கென்று தனி ஸ்டிக் கிடையாது, எல்லோரும் ஒரே தட்டைப் பக்கத்தால்தான் ஆட வேண்டும். அதனால் இடது விங்கில் ஓடுபவன் பந்தை நடுவே அனுப்ப உடம்பையே சுற்றிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் ரிவர்ஸில், அதாவது ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து, அடிக்க வேண்டும். இடது ஹாஃப் எதிராளியை வெளிப்பக்கம் ஒதுக்கினால் தன் ரிவர்ஸ் பக்கமே அவனைத் தடுக்க வேண்டியிருக்கும். இரண்டுமே கடினமான இடங்கள். மிச்சம் இருப்பவனை அங்கே தள்ளிவிடாமல், பாதங்கள் வேகமாக நகரும் பிள்ளைகளைத் தேடி அந்த இடத்துக்கென்றே எடுங்கள்.

பெனால்டி கார்னருக்கு, பந்தை ஸ்டிக்கோடு இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் போடத் தெரிந்த ஒருவன் கிடைத்துவிட்டால் எல்லோரும் மகிழ்ந்துபோகிறோம். நியாயம்தான். நேராக ஹிட் அடித்தால் முதல் அடி கோல் கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் பதினைந்து வயது முதுகெலும்பில் தினமும் நூறு ஃபிளிக் போடவைக்காதீர்கள். கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி விடுபவனும், கோலுக்கு முன்னுள்ள டி வடிவ வளையத்துக்கு வெளியே அதை அசையாமல் நிறுத்துபவனும் ஒழுங்காக இருந்தால்தான் ஃபிளிக்கே உண்டு, அந்த இருவருக்கும் பயிற்சி கொடுங்கள்.

பெஞ்சில் இருக்கும் ஏழு பேரும் ஆட்டக்காரர்கள்தான். பதினைந்து நிமிடம் வீதம் நான்கு பகுதி, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற இன்றைய விதியில் பதினோரு பேரை மட்டும் நம்பி ஆடினால் கடைசிப் பகுதியில் கால்கள் ஓய்ந்துவிடும். 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையின் வெண்கலப் போட்டி நினைவிருக்கும். அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கிய நம் பிள்ளைகள் கடைசிப் பகுதியில் நான்கு கோல் அடித்து 4-2 என்று ஜெயித்தார்கள். அந்த அணிக்கும் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ்தான். இன்னொன்று: டோக்கியோவில் முதலில் அறிவித்த 16 பேரில் சிம்ரன்ஜீத்துக்கு இடமில்லை. அணியை 18 ஆக விரிவாக்கியதால் உள்ளே வந்தவர், ஜெர்மனியை 5-4 என்று வென்ற வெண்கலப் போட்டியில் இரண்டு கோல் அடித்தார். பதினேழாவது, பதினெட்டாவது பெயர்களையும் முதல் பெயர் போலவே யோசித்து எழுதுங்கள்.

அணியைக் கலைக்காமல் வைத்திருப்பதுதான் கடினம் என்று எனக்கும் தெரியும். நம் மாவட்டம் நீளமானது. திட்டக்குடியிலிருந்தோ காட்டுமன்னார்கோயிலிலிருந்தோ ஒரு பிள்ளை காலை ஆறு மணிப் பயிற்சிக்குக் கடலூர் வந்து சேர முடியாது. வாரம் முழுக்க அவரவர் பள்ளியில் பயிற்சி, மாதம் இரண்டு ஞாயிறு எல்லோரும் ஒரே இடத்தில் என்று வைத்தால் போதும், பேருந்துச் செலவை மட்டும் யாராவது ஏற்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மைதானம் குளமாகிவிடும், 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளத்தில் பட்டது யாருக்கும் மறக்கவில்லை. அந்த மாதங்களை உடல்தகுதிக்கும் ஆட்டப் பதிவுகளைப் போட்டுப் பார்ப்பதற்கும் ஒதுக்கலாம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டில் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெயரை நீக்கிவிடாதீர்கள். தேர்வு முடிந்து ஏப்ரலில் திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் பெற்றோரும் தடுக்கமாட்டார்கள். பெண்கள் அணிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிடும் வீடுகளுக்குப் பயிற்சியாளர் ஒருமுறை நேரில் போய்ப் பேசினால் பல பெண்கள் தொடர்ந்து ஆடுவார்கள். பாண்டிச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது, அங்குள்ள பிள்ளைகளோடு மாதம் ஒரு நட்பு ஆட்டம் வைத்தால் இரண்டு ஊருக்கும் லாபம்.

எட்டாத உயரத்தைப் பற்றி நான் பேசவில்லை. 2022 ஆசியக் கோப்பைக்கு இந்தியா இளம் அணியை ஜகார்த்தாவுக்கு அனுப்பியது. அதில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூரின் கார்த்தி செல்வமும் இருந்தார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி. அரியலூர் நமக்கு அடுத்த மாவட்டம்.

பட்டியல் வெளியிடும் நாளில் இடம் கிடைக்காத பிள்ளைகளையும் கூப்பிட்டு, எதில் குறை, எப்போது திரும்பி வரலாம் என்று ஆளுக்கு இரண்டு நிமிடம் சொல்லி அனுப்புங்கள். இளைய கீப்பருக்குக் கிட் இல்லையென்றால், எந்த அளவு வேண்டும் என்று மட்டும் எங்களுக்குத் தெரிவியுங்கள். இந்த ஊர் ரசிகர்கள் சேர்ந்து வாங்கித் தருகிறோம்.

அன்புடன்,
ஒரு ஹாக்கி ரசிகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.