தானியேலின் எழுபது வாரங்கள்: சாமுவேலுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சாமுவேல்,

பேத்திக்கு ஞானஸ்நானம் ஆன செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே சுகம்தான்.

வேதபாட வகுப்பு தானியேல் 9-ஐத் தொட்டுவிட்டது, எழுபது வாரக் கணக்கில் எதைச் சொல்வது என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய அச்சுத்தாளில் இருப்பது சர் ராபர்ட் ஆண்டர்சனின் கணக்கு. ஸ்காட்லாந்து யார்டில் பெரிய போலீஸ் அதிகாரியாக இருந்தவர். எருசலேமைத் திரும்பக் கட்டும் கட்டளை முதல் மேசியா வரும்வரை ஏழும் அறுபத்திரண்டுமாக 69 வாரம் என்கிறது வசனம். ஒவ்வொன்றும் ஏழு ஆண்டு, ஆக 483 ஆண்டு. ஆண்டுக்கு 360 நாள் வைத்தால் 1,73,880 நாள். கி.மு. 445 மார்ச் 14-இல் தொடங்கி, கி.பி. 32 ஏப்ரல் 6 குருத்தோலை ஞாயிறன்று முடிகிறதாம். பிரசங்கத்தில் சொன்னால் சபை வாயைப் பிளக்கும். தயவுசெய்து சொல்லாதே.

நீயே கூட்டிப் பார். பூஜ்ய ஆண்டு கிடையாது என்பதால் இடையில் 476 ஆண்டு. 365-ஆல் பெருக்கினால் 1,73,740. மார்ச் 14 முதல் ஏப்ரல் 6 வரை இரண்டு முனையும் சேர்த்து 24. மிச்சம் வேண்டியது 116. அதை லீப் நாள் என்று போட்டிருக்கிறார். ஆனால் 476-ஐ நாலால் வகுத்தால் 119 அல்லவா? இப்போதைய கிரிகோரியன் நாட்காட்டி முறைக்காக மூன்றைக் கழித்துவிட்டார். தேதிகளோ நாலு ஆண்டுக்கு ஒரு லீப் நாள் தவறாமல் வரும் பழைய ஜூலியன் முறைத் தேதிகள். அதில் கழிக்க எதுவும் இல்லை. நாள் பிசகாமல் வருகிறது என்பதுதான் இந்தக் கணக்கின் ஒரே பெருமை, அதுவே மூன்று நாள் பிசகுகிறது. போதாததற்கு, அர்தசஷ்டா ராஜா நெகேமியாவுக்கு எருசலேமைக் கட்ட அனுமதி தந்ததைத்தான் இவர் தொடக்கமாக வைக்கிறார். அதைச் சொல்லும் நெகேமியா 2:1 யூதரின் முதல் மாதமான நிசான் என்கிறதே தவிர நாளைச் சொல்லவில்லை. பாபிலோனிய நாட்காட்டி அட்டவணைப்படி 445-இல் நிசான் பிறந்ததே ஏப்ரல் நடுவில். பின்னால் வந்தவர்கள் 444 மார்ச் 5 முதல் கி.பி. 33 மார்ச் 30 வரை என்று திருத்தினார்கள். ஜூலியன் முறையில் எண்ணினால் அந்தக் கூட்டலும் சரியாக வரவில்லை, அந்த ஆண்டும் நிசான் ஏப்ரலில்தான்.

360 நாள் ஆண்டு எங்கிருந்து வந்தது? வெளிப்படுத்தல் 11-இல் 42 மாதமும் 1,260 நாளும் சேர்ந்து வருவதிலிருந்து. தீர்க்கதரிசன நடைக்கு அது சரி. ஆனால் யூதர்கள் சந்திர மாதம் வைத்து, அவ்வப்போது பதின்மூன்றாம் மாதம் சேர்த்து, பஸ்காவை வசந்தத்தில் நிறுத்தி வாழ்ந்தவர்கள். 483 ஆண்டை 360 நாளாக எண்ணினால் ஏறக்குறைய ஏழு ஆண்டு காணாமல் போகும். அந்த ஏழு ஆண்டைத் தொலைக்க வேண்டிய அவசியம் இருந்தது என்பதே விஷயம்: 445-இலிருந்து சாதாரண ஆண்டாக எண்ணினால் கி.பி. 39-க்குப் போய்விடும், சிலுவைக்குப் பிறகு.

முடிவைப் பார்த்துவிட்டுத் தொடக்கத்தைத் தேடுவதுதான் இங்கே எல்லாத் தகராறுக்கும் வேர். எனவே வகுப்பில் கட்டளையிலிருந்து தொடங்கு. பெர்சிய ராஜா கோரேஸின் கட்டளை கி.மு. 538. அங்கிருந்து 483 எண்ணினால் கி.மு. 55, அங்கே யாரும் இல்லை, ஆகவே பலர் அதைக் கைவிடுகிறார்கள். ஆனால் எருசலேமைக் கட்டச் சொல்பவன் கோரேஸ் என்று ஏசாயா 44:28-உம் 45:13-உம் சொல்கின்றனவே! அர்தசஷ்டாவின் ஏழாம் ஆண்டு, 457, எடுத்தால் கி.பி. 27 வருகிறது, இயேசுவின் ஞானஸ்நானத்துக்குப் பக்கம், 360-உம் வேண்டாம். கிறிஸ்தவக் கணக்குகளில் இதுவே நேர்மையானது என்பேன். இடறல் என்னவென்றால், எஸ்றா 7-இல் உள்ள கடிதம் வெள்ளி, பொன், பலி, நியாயாதிபதிகள் பற்றிப் பேசுகிறது. அலங்கத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அடுத்து 25-ஆம் வசனத்தின் நிறுத்தம். நம் பழைய மொழிபெயர்ப்பு "ஏழு வாரமும், அறுபத்திரண்டு வாரமும்" என்று சேர்த்து வாசிக்கிறது. எபிரெய வேதத்தைப் பிரதியெடுத்துக் காத்த யூத அறிஞர்களான மசோரெத்தியர் எபிரெயத்தில் ஏழுக்குப் பின்னால் பெரிய நிறுத்தக்குறி போட்டிருக்கிறார்கள். அப்படி வாசித்தால் ஏழு வாரத்தின் முடிவில் அபிஷேகம்பண்ணப்பட்ட ஒருவர். 62 வாரம் நகரம் இடுக்கத்தில் நிற்கிறது. பிறகு சங்கரிக்கப்படுகிறவர் வேறொருவர். கிறிஸ்துவை மறைக்கவே குறி போட்டார்கள் என்று யாராவது சொல்வார்கள். மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவரான இப்போலித்துவே அந்த ஏழு வாரத்தைப் பிரதான ஆசாரியன் யோசுவாவோடு முடித்தார் என்று பதில் சொல்.

மற்றவர்கள் கணக்கும் இடிக்காமல் இல்லை. கல்விமான்களில் பெரும்பாலோர் கடைசி வாரத்தை யூதரை ஒடுக்கிய சிரியா ராஜா அந்தியோகு எப்பிபானேயின் காலத்தில் வைக்கிறார்கள்: கி.மு. 171 வாக்கில் ஆசாரியன் ஒனியா கொலை, 167-இல் பலி நிறுத்தம், 164-இல் ஆலயச் சுத்திகரிப்பு. "வாரம் பாதி சென்றபோது" என்பதோடு அழகாகப் பொருந்துகிறது. முன்பகுதியும் பொருந்தும்: 587-இலிருந்து 538 வரை 49. நடுவில் உள்ள 434 ஆண்டுதான் உள்ளே அடங்காது. 538-இலிருந்து எண்ணினால் 104-க்கு வந்து 67 ஆண்டு துருத்திக்கொண்டு நிற்கும். இடைக்கால யூத உரைகாரர் ராஷி, முதல் ஆலயத்தின் அழிவிலிருந்து இரண்டாவதின் அழிவு வரை 70-உம் 420-உம் என்று 490 காட்டுகிறார். அதற்கு இரண்டாம் ஆலயம் கட்டியபின் பெர்சியர் ஆட்சியை 34 ஆண்டாகச் சுருக்க வேண்டும். உண்மையில் அது 180-க்கும் மேல். வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் தம் காலத்து விளக்கங்களை வரிசையாக எழுதிவிட்டு, தீர்ப்பை வாசகனிடம் விட்டுவிட்டார். கெட்டிக்கார மனுஷன்.

என் எண்ணம் இது. 490 என்பது கடிகாரத்துக்குச் சொன்ன எண் அல்ல, லேவியராகமத்திலிருந்து வந்த எண். 25:8-இல் ஏழு ஏழு ஆண்டு, 49, அதன்பின் விடுதலை கூறும் யூபிலி. பத்து யூபிலி 490. 26:18-இல் தண்டனை ஏழத்தனை. எரேமியா சொன்ன எழுபது ஆண்டை வாசித்து ஜெபித்த தானியேலுக்கு எழுபதின் ஏழு மடங்கு பதிலாக வருகிறது. 1956-இல் சாக்கடலோரக் கும்ரானின் பதினோராம் குகையில் கிடைத்த மெல்கிசேதேக்குச் சுருளும் பத்தாவது யூபிலியில் விடுதலை என்று பேசி, தானியேல் சொன்ன அபிஷேகம்பண்ணப்பட்டவரையும் குறிப்பிடுகிறது. இயேசுவுக்கு முந்திய யூதர் இதை இப்படி வாசித்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. நாசரேத்தில் விடுதலையைக் கூறும் ஏசாயா 61-ஐ வாசித்து, இன்று நிறைவேறிற்று என்று இயேசு சொன்னதை இதன் பக்கத்தில் வை. மேசியாவைக் காட்ட அது போதும்.

முதல் வாரம் 1 முதல் 19 வரையுள்ள ஜெபத்தை மட்டும் எடு. எல்லோரும் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் 24-ஆம் வசனத்தின் ஆறு நோக்கங்கள். முதல் மூன்றும் பாவத்தைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வை. மூன்றாம் வாரம் கரும்பலகையில் 538, 457, 445 எழுதி அவர்களையே கழிக்கச் சொல். கி.மு.வைத் தாண்டும்போது ஒன்று கூட்ட மறப்பார்கள். எழுபதாம் வாரம் இன்னும் வரவில்லையா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். 69-ஐ நாள் கணக்கில் எண்ணிவிட்டு அடுத்ததற்கு இரண்டாயிரம் ஆண்டு இடைவெளி விட வசனத்தில் என்ன இடம் இருக்கிறது என்று திருப்பிக் கேள். அந்தியோகுவோடு எல்லாம் முடிந்தது என்பவருக்கு மத்தேயு 24:15-ஐக் காட்டு. பாழாக்குகிற அருவருப்பை இயேசு இனி வரப்போவதாகவே பேசுகிறார்.

அச்சுத்தாளின் ஓரத்தில் கூட்டலைப் பென்சிலால் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஏசாயா 53-க்கு எப்போது வருகிறீர்கள் என்று எழுது.

அன்புடன்,
தேவராஜ்